ஆறு மணிக்காரர் தெற்கே போன கதை

வொப்பே எங்கள் ஊர்ப் பாலத்துக்காரர். கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவார், போனதும் இறக்குவார். படகு கடந்து போகும்போது ஒரு தூண்டில் கம்பின் நுனியில் மரச்செருப்பைக் கட்டி நீட்டுவார். படகுக்காரர்கள் அதில் சில்லறை போடுவார்கள். இத்தனை வருடத்தில் அந்தச் செருப்பு யார் தலையிலும் இடித்ததில்லை. அவ்வளவு நிதானமான கை.

ஆனால் மாலை ஆறு மணி ஆகிவிட்டால் பாலம் அசையாது. அது சாப்பாட்டு நேரம். பாய்மரப் படகுகள் வரிசையில் நிற்கும். சுற்றுலா வந்த ஜெர்மானியர்கள் பொறுமையிழந்து ஊதுகுழலை ஊதுவார்கள். வொப்பே வீட்டில் உட்கார்ந்து, வெந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்து, நடுவில் ஒரு குழி தோண்டி, அதில் இறைச்சிக் குழம்பை ஊற்றி, கரை உடையாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருவார். கடலுக்கே கரை கட்டிய நாட்டில் பிறந்தவர். தட்டிலும் கரை உடைய விடமாட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எதிர்வீடு. எங்கள் தெருவில் யார் வீட்டு முன்சன்னலிலும் திரைச்சீலை கிடையாது. மறைக்க என்ன இருக்கிறது என்பார்கள். போகிறவர் வருகிறவர் உள்ளே பார்க்கலாம், ஆனால் நின்று பார்ப்பது அநாகரிகம். நடக்கிற வேகத்தில் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவுதான் மரியாதை. எனக்கு நடக்கவும் வேண்டாம். என் நாற்காலி அந்தப் பக்கம் பார்த்துத்தான் கிடக்கிறது.

போன கோடையில் வொப்பே குடும்பம் போர்ச்சுகல் போனது. வொப்பே, மனைவி டௌட்சன், மகள் நின்கே. காரின் பின்னால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் போனது. அங்கே கூடாரத்துக்கு எதிரிலேயே ஒரு கடையில் கரியடுப்பில் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த வாசனைக்கு நடுவில் இவர் சரியாக ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கிழங்கை வேகவைத்திருக்கிறார். திரும்பி வந்த அன்று, காரிலிருந்து சாமான் இறக்கும்போதே தெருவில் சண்டை.

"அப்பா, அவ்வளவு தூரம் போய் நம்ம வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடறதுக்கு, நம்ம வீட்லயே இருந்திருக்கலாம்ல?"

"இங்க வெயில் இல்லையேம்மா."

"இனிமே நான் வரலை. நீங்களும் உங்க மூட்டையும் போயிட்டு வாங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அப்பன் வழி வந்தது. இந்த வருடம் அவளுக்குப் படிப்பு முடிகிறது, இலையுதிர் காலத்தில் கனடாவுக்கு வேலைக்குப் போகிறாள். அதற்கு முன் மூன்று பேருமாக ஒரு கோடை. வொப்பேவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

குளிர்காலம் முடிவதற்குள் அவர் வீட்டு முன்னறைச் சுவரில் ஐரோப்பா வரைபடம் ஒன்று ஏறியது. அதில் தலையில் வண்ண மணி வைத்த மூன்று ஊசிகள். சிவப்பு அவருக்கு, மஞ்சள் டௌட்சனுக்கு, நீலம் மகளுக்கு. மூன்றையும் இத்தாலியில் பொலோனியாவில் குத்தினார். தெருவே அந்தப் பயணத்தைத் திட்டமிட ஆரம்பித்தது. நாயோடு போகிற மூலைவீட்டு பாஸ்மா அம்மாள் மட்டும் மரியாதையை மறந்து நின்று, கண்ணாடியைத் தட்டிச் சொல்வாள்: "அங்க கொசு கடிக்கும் வொப்பே, கொஞ்சம் மேல தள்ளுங்க!"

நின்கே படிக்கும் ஊரிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தாள். சுவரைப் பார்த்தாள். நீல ஊசியைப் பிடுங்கி வடக்கே நார்வேயில் குத்தினாள்.

"தோழிங்களோட மலையேறப் போறேன்."

"இங்க என்ன குறை? காலையில ஓவியம், மத்தியானம் தேவாலயம், சாயந்திரம் அவங்க ஊர்ச் சாப்பாடு. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்."

"சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்குத்தான்."

"அந்த ஊர்ல ஆறு மணிக்கு அடுப்பே பத்தவைக்க மாட்டாங்கப்பா. ஒம்போது மணிக்குத்தான் சாப்பிடுவாங்க."

"முன்கூட்டியே சொல்லி வச்சா?"

"பாத்தீங்களா!"

சன்னல் திறந்திருந்தது, நான் ஒட்டுக்கேட்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. ஜூனில் பரீட்சை முடிந்து நின்கே வீட்டுக்கு வருவாள். வந்த நாள் முதல் கிளம்பும் நாள் வரை ஒத்திகை. இத்தாலியச் சாப்பாடு, இரவு ஒன்பது மணி, அவளே சமைப்பாள். உருளைக்கிழங்கு கூடாது. அப்பா தாக்குப்பிடித்தால் நீல ஊசி கீழே இறங்கும். பிடிக்காவிட்டால் நார்வே.

எனக்கு இந்த ஒப்பந்தம் தெரியும், ஆனால் என்றைக்குத் தொடங்குகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பார்த்தேன், எதிர்வீட்டு மேசை காலி. ஆறேகாலுக்கும் காலி. எங்கள் ஊரில் ஆறு மணிக்கு ஒரு மேசை காலியாக இருந்தால் வீட்டில் சாவு, அல்லது ஆஸ்பத்திரி. காய்கறி சூப்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நின்கேதான் கதவைத் திறந்தாள். "என்ன அத்தை?"

"யாருக்குடி உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. ஒத்திகை நடக்குது. சூப்பெல்லாம் வேண்டாம் அத்தை, ரொம்ப நன்றி."

அவள் தோளுக்குப் பின்னால் வொப்பே நின்றுகொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. சட்டியைத்தான் பார்த்தார். சட்டியோடு வீடு திரும்பிய அவசரத்தில் மூடியை அவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு என் பின்கதவு தட்டப்பட்டது. வொப்பே. கையில் மூடி.

"எதிர்வீட்டம்மா, இதை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"அங்கே வையுங்க."

வைத்தார். ஆனால் போகவில்லை. என் தட்டில் உருளைக்கிழங்கு ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் தலைக்கு இத்தனை என்று எண்ணித்தான் கிழங்கு உரிப்போம். சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைச் சாப்பிடச் சொல்வது வழக்கமில்லை, வந்தவரும் எதிர்பார்க்க மாட்டார். அவர் எதுவும் கேட்கவில்லை. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, "குழம்பு நல்லா கெட்டியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் பாதியை எடுத்து வேறொரு தட்டில் வைத்தேன்.

புதன்கிழமை நான் கூடுதலாக உரித்தேன்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பாலம் ஓய்ந்ததும் கால்வாய் ஓரமாகச் சுற்றி என் பின்கதவு வழியே வருவார், குழி தோண்டுவார், தின்பார், வாயைத் துடைத்துக்கொண்டு போவார். ஒன்பது மணிக்கு எதிரே தன் மேசையில் உட்கார்ந்து மகள் சமைத்ததையும் ஒரு பருக்கை விடாமல் தின்பார். வெளிச்சம் இன்னும் இருக்கும், எல்லாம் தெரியும். நின்கே முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. ஒரு நாள் நீல ஊசி நார்வேயை விட்டு டென்மார்க்குக்கு இறங்கியது. இன்னொரு நாள் ஜெர்மனி.

"மூனிக் வரைக்கும் வந்துட்டா எதிர்வீட்டம்மா!" என்றார் வொப்பே, வாய் நிறையக் கிழங்கோடு.

"வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க. என் சன்னல் வழியா அவ பாத்தா திரும்ப நார்வேதான்."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்குமே உறைத்தது. அவர் சன்னல் எனக்குத் தெரிந்தால் என் சன்னல் அவர்களுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து திரையில்லாத வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு, மறைந்து தின்ன வேண்டுமானால் மறைவு வேண்டும் என்பதே தோன்றாது. இத்தனை நாள் தப்பித்தது, அந்த நேரத்தில் நின்கே கடைக்கும் சமையலறைக்கும் அலைந்துகொண்டிருந்ததால்தான். நான் உடனே எழுந்து பெரிய மேசை விரிப்பை எடுத்துச் சன்னலில் மாட்டினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒரு சன்னல் மூடியிருப்பது யாரும் பார்த்திராத காட்சி. அதுவும் தனியாக இருக்கும் பெண்ணின் வீடு. அதுவும் எதிர்வீட்டுக்காரர் பின்பக்கமாக உள்ளே போன பிறகு மூடி, வெளியே வந்த பிறகு திறந்தால்? தெருவில் போகிறவர்களின் நடை என் வீட்டு முன்னால் தானாகவே மெதுவானது. பாஸ்மா அம்மாளின் நாய்க்கு என் வேலியோரம் ஆயிரம் வேலை வந்துவிட்டது.

நாலாம் நாள் அவள் டௌட்சனைத் தெருவில் நிறுத்தினாள். நின்கேயும் பக்கத்தில் இருந்தாள். பிறகு டௌட்சனே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை டௌட்சன். உன் புருஷன் தினம் ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குப் போறார். உடனே திரையை மூடிடறாங்க."

"தெரியுமே" என்றாளாம் டௌட்சன்.

"தெரியுமா!"

"அவர் சட்டையில குழம்பு வாசனைதான் வருது பாஸ்மா. வேற வாசனை வந்தா உங்ககிட்டயே வந்து சொல்றேன்."

டௌட்சன் சிரித்தாள். நின்கே சிரிக்கவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள். பின்கதவு திறந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. விறுவிறுவென்று எங்களைத் தாண்டிப் போய்ச் சன்னலில் இருந்த விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். மாலை வெயில் மொத்தமும் உள்ளே கொட்டியது. வெளியே நாயோடு பாஸ்மா. உள்ளே முள்கரண்டியைத் தூக்கியபடி வொப்பே. தட்டில் குழி, குழியில் குழம்பு, கரை உடையாமல்.

"எத்தனை நாளாப்பா?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"அப்ப ஒம்போது மணிக்கு நான் செஞ்சதெல்லாம்?"

"அதையும்தான் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேன், பாரு."

"பசிக்குதுன்னு எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

வொப்பே கரண்டியைக் கீழே வைத்தார். "நீ வரணும்ல" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். என்னைப் பார்த்து, "நீங்களுமா அத்தை?" என்றாள். கதவு அறைந்து மூடியது. எதிர்வீட்டில் அவள் நுழைவதும், சுவருக்குப் போவதும், நீல ஊசியைப் பிடுங்குவதும் இங்கிருந்தே தெரிந்தது. அதை எங்கேயும் குத்தவில்லை. கையில் வைத்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாள் வொப்பே என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆறு மணிக்கு மூடிய பாலத்தின் மேல் தனியாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மானியப் படகு ஒன்று ஊதியது. அவர் பாலத்தைத் தூக்கிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில்! ஊரே பேசியது. என் சன்னல் சமாசாரத்தை எல்லோரும் மறந்தே போனார்கள்.

மூன்றாம் நாள் காலை காப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். வரைபடத்தில் பொலோனியா காலி. சிவப்பும் மஞ்சளும் பூட்ஸ் வடிவ இத்தாலியின் குதிகாலுக்குச் சற்று மேலே, பாரி என்ற துறைமுகத்தில் குத்தியிருந்தன. நடுவில் நீலம். நாகரிகத்தை மறந்து நானே தெருவைக் கடந்து போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். நீலம்தான்.

நின்கே உள்ளிருந்து சன்னலைத் திறந்தாள். "ராத்திரி ஒம்போது மணிக்கு வாங்க அத்தை. இடையில ஒண்ணும் சாப்பிடாதீங்க. பசியோட வரணும்."

போனேன். மேசை நடுவில் ஒரு மண்சட்டி. மேலே பொன்னிறமாக முறுகிய வட்டவட்டத் துண்டுகள். வொப்பே குனிந்து பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். நம்பவில்லை.

"இது... கிழங்கா?"

"கிழங்கேதான். கீழ அரிசி, நடுவுல சிப்பி, மேல கிழங்கு. பாரில தலைமுறை தலைமுறையா இதைத்தான் சாப்பிடறாங்களாம். ரெண்டு நாளாத் தேடினேன், உங்களைக் கூட்டிட்டுப் போகக்கூடிய ஊர் ஒண்ணாவது இருக்கான்னு."

"இத்தாலிக்காரங்க உருளைக்கிழங்கு சாப்பிடுவாங்களா!"

"சாப்பிடுவாங்க. ஆனா ஒம்போது மணிக்கு. மூட்டை கிடையாது. இனிமே எதிர்வீடும் கிடையாது."

"சரிம்மா."

"பசிச்சா எங்கிட்ட சொல்லணும்."

"இப்ப பசிக்குது" என்றார்.

அவர் தட்டில் பரிமாறினாள். பழக்க தோஷத்தில் வொப்பே கரண்டியால் நடுவில் ஒரு குழி தோண்டினார். ஊற்றக் குழம்பு இல்லை. குழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நின்கே எழுந்து, சட்டியின் அடியில் தேங்கியிருந்த சிப்பிச் சாற்றைக் கரண்டியில் மொண்டு அதில் விட்டாள். கரை நின்றது.

ஜூலையில் கிளம்பினார்கள். காரின் பின்பக்கத்தை நின்கே சோதனை போட்டாள், ஸ்டெப்னி டயரைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பாஸ்மா அம்மாள் நாயின் காலைத் தூக்கி ஆட்டி வழியனுப்பினாள்.

நாலு நாள் கழித்து ஆறு மணிக்கு நான் சாப்பிட உட்கார்ந்தேன். பழக்கத்தில் கூடுதலாகத்தான் உரித்திருந்தேன். போன் அடித்தது.

"எதிர்வீட்டம்மா, வொப்பே பேசறேன். ஊரு நல்லா இருக்கு. கடல் பக்கத்துலயே இருக்கு. தேவாலயம் பாத்தோம். அவ ரொம்பச் சந்தோஷமா இருக்கா."

"நல்லது."

"சாப்பாட்டுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கு." என் முள்கரண்டி தட்டில் பட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "நீங்க இப்ப என்ன பண்றீங்க?"

"சாப்பிடறேன்."

"என்ன?"

"வேற என்ன."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார். "குழம்பு கெட்டியா?"

"கெட்டிதான்."

பின்னால் நின்கேயின் குரல்: "யாருப்பா போன்ல?"

"எதிர்வீட்டம்மாதான்மா. பாலம் ஒழுங்கா ஏறி இறங்குதான்னு கேட்டேன்" என்றார் வொப்பே. பிறகு என்னிடம், ரொம்ப மெதுவாக, "எனக்காக ஒரு குழி தோண்டுங்க" என்றார்.

தோண்டினேன்.