ஈரச்சாக்கு போடாத மாலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை வீட்டுக்கு அன்று காலை கூரைக் கான்கிரீட் போட்டார்கள். எனக்கும் மனைவிக்கும் ஒரகடத்தில் வேறு வேறு தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை; தங்குவதும் தனித்தனி விடுதிகளில். ஐந்து வயது மகள் கோவில்பட்டியில் தன் பெரியம்மாவிடம் இருந்தாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு முடிந்தால் அவளை அழைத்துவந்து இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம்.

மேஸ்திரி சொன்னது ஒன்றுதான்: கான்கிரீட்டின் மேல்ஈரம் மறைந்ததும் நனைத்த சாக்கு போட்டு மூட வேண்டும். மனைவி இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிய ஒன்றரை மணிக்குத் தளம் இன்னும் ஈரமாக இருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு நான் வருவதாக ஏற்பாடு.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் கேட்டார். "நாலு மணி நேரம் ஓ.டி. பாருப்பா. ஊருக்குப் போக லீவு கேட்டியே, தர்றேன்." மகளை அழைத்துவரத்தான் அந்த லீவு. ஒப்புக்கொண்டேன். லைனில் செல்போனுக்கு அனுமதியில்லை; இருவர் போனும் லாக்கரில். மனைவிக்குத் தகவல் சொல்ல வழியில்லை.

எட்டு மணிக்குப் போய் அவசரமாகச் சாக்கை நனைத்துப் போட்டேன். மறுநாள் காலை வெளிச்சத்தில், தளமெங்கும் முடி கனத்தில் விரிசல்கள்.

"நாலு மணிக்கு வந்துருவீகன்னுல்லா நெனச்சேன்," என்றாள் மனைவி.

மேஸ்திரி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். "இன்னா சார், வடாமா காயப் போட்டுக்கினு கீற? மே மாச வெயிலும் காத்தும் மேல் தண்ணியை உறிஞ்சிடும், வுட்டா வெடிக்காம இன்னா பண்ணும்? இனிமே பாத்தி கட்டி தண்ணி நிறுத்து. ஒழுவுதா பாத்துட்டுத்தான் மத்த வேலை."

கூரைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைப் பிரித்தபோது ஓர் இடத்தில் அடிப்பக்கம் ஈரம் கசிந்திருந்தது. விரிசலை வெட்டி அடைத்து, மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதற்குள் ஜூன் போய்விட்டது. மகளைப் பெரியம்மா ஊரிலேயே பள்ளியில் சேர்த்தோம். தினமும் போனில் கேட்பாள்: "வீடு காஞ்சிருச்சாப்பா?"

அடுத்த ஏப்ரலில் வந்தாள். இரண்டு பற்கள் விழுந்து முளைத்திருந்தன. முதல் நாள் குடத்தருகே நின்று, "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள், விருந்தாளி கேட்பதுபோல.

கூரை இன்று ஒழுகுவதில்லை. ஆனால் எங்களோடு அவள் இல்லாமல் போன அந்த ஒரு வருடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.