பெண்களுக்கு ஏற்ற ரிவால்வர்

ஒரு பெண் ரிவால்வர் வாங்கப்போகிறாள் என்று தெரிந்தால், அதுவரை துப்பாக்கியைத் தொட்டும் பார்த்திராத ஆண்களெல்லாம் அரை மணி நேரத்தில் ஆயுத நிபுணர்களாகிவிடுகிறார்கள். என் வீட்டிலேயே ஒருவர் அப்படி ஆனார். அவரோடு நான் இருபத்தாறு வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. லண்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. கூட வேலை செய்யும் ஒருத்தி தன்னுடைய துப்பாக்கி சுடும் கிளப்பைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாள். கேக்கும் தேநீரும் தருவார்கள் என்றாள். கேக் காய்ந்துபோயிருந்தது. சும்மா நிற்கிறேனே என்று சுடக் கொடுத்தார்கள். ஆறு குண்டில் ஐந்து கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன.

நான் இலங்கைத் தமிழச்சி என்று கேள்விப்பட்டதும் அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டினார்கள். யுத்த பூமியில் பிறந்தவளுக்குச் சுடுவது தானாக வரும் என்று அவர்களுக்கு ஒரு கணிப்பு. யாழ்ப்பாணத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் சத்தம் கேட்டால் நிலத்தில் குப்புறப் படுப்பது ஒன்றைத்தான். அதில் போட்டி வைத்திருந்தால் அன்றைக்கே ஒரு கோப்பையைத் தூக்கியிருப்பேன்.

ஆனாலும் எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. சுடுகிற அந்த ஒரு நிமிடத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். வேலையிடத்திலோ வீட்டிலோ எனக்கு அப்படி ஒரு நிமிடம் கிடைத்ததில்லை.

இங்கே தோட்டா போட்டுச் சுடும் கைத்துப்பாக்கிக்குத் தடை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய முறையில், உருளையின் ஒவ்வொரு துளைக்குள்ளும் முன்பக்கமாக வெடிமருந்து கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி இறக்கிச் சுடும் ரிவால்வர் என்றால், பொலிஸ் அனுமதியோடு வைத்திருக்கலாம். ஆறு குண்டு நிரப்ப எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். கொலை செய்ய நினைப்பவனுக்கு அவ்வளவு பொறுமை இராது என்று சட்டம் போட்டவர்கள் எண்ணியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் முப்பது வருடம் காணி வழக்குப் பேசுவதை அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு வருடம் கிளப்பின் ரிவால்வரை இரவல் வாங்கிச் சுட்டேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்க அனுமதி கேட்டு எழுதிப்போட்டேன். பொலிசிலிருந்து ஓர் இளைஞர் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் அவருக்கு முன்னால் ரோல்சும் தேநீரும் வைத்துவிட்டு, தாமே விண்ணப்பதாரர் போல நடு சோபாவில் அமர்ந்துகொண்டார். வந்தவர் என்னைப் பார்த்து, இதற்கு முன் துப்பாக்கியோடு ஏதாவது அனுபவம் உண்டா என்று கேட்டார்.

"உண்டு. குழலுக்கு முன்னால் நின்ற அனுபவம்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் குனிந்து 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

போகும்போது, துப்பாக்கியை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியின் திறப்பு எங்கே இருக்கிறது என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது, கணவருக்கும்கூட, என்று சொல்லிவிட்டுப் போனார். கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது நிபுணராகியிருந்தார்.

அவர் ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மொத்த விற்பனைக் கடை ஒன்றுக்கு வான் ஓட்டுகிறார். ஜெர்மனியில் எல்லாம் நேர்த்தி, இங்கே எல்லாம் குப்பை என்பது அவருடைய நிரந்தரக் கருத்து. இப்போது கைபேசியில் அமெரிக்கத் தாத்தாக்கள் தர்ப்பூசணிப் பழங்களைச் சுட்டுச் சிதறடிப்பதைப் பார்த்து, அதிலிருந்து ஒரு சாஸ்திரத்தையே உருவாக்கி வைத்திருந்தார். டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருடைய நண்பர்கள் மூவரோடு கொத்து ரொட்டி சாப்பிட்டோம். நான் வாங்கப்போவது எப்படியிருக்க வேண்டும் என்று நான்கு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அது யானையை விழுத்துமா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. ஒருவராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் என் தட்டை முடித்து, கணவரின் தட்டிலிருந்ததையும் முடித்தேன்.

கிளப்பில் இன்னொரு நிபுணர் இருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். அவருடைய ரிவால்வர் துருப்பிடிக்காத உருக்கில் செய்தது, பூவேலைப்பாடு கொண்டது. அதை வெல்வெட் விரித்த மரப்பெட்டியிலிருந்து கைக்குழந்தையைப் போலத் தூக்குவார். நாற்பத்து நான்கு வேண்டாம், அது பெண்களின் மணிக்கட்டுக்குக் கூடுதல், முப்பத்தாறு எடு என்றார். குழலின் அகலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாற்பத்து நான்கு என்றால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு வருடமாக அவருக்கு அடுத்த இடத்தில் நின்று நான் கிளப்பின் நாற்பத்து நான்கைத்தான் சுட்டுக்கொண்டிருந்தேன். அதை அவர் கவனிக்கவில்லை. என் தேர்வுக்குக் காரணம் வீரம் அல்ல. பெரிய குண்டு தாளில் பெரிய ஓட்டை போடும். ஓட்டையின் விளிம்பு உள்வட்டக் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி. இரத்த அணுக்களை எண்ணிப் பிழைக்கிறவளுக்கு இது விளங்காதா?

வார இறுதி ஷிப்ட்களில் சேர்த்த நானூறு பவுண்ட் என்னிடம் இருந்தது. அதற்கு மேல் ஒரு பென்னியும் இல்லை. அந்த வருடம் கூரை ஒழுகி, வீட்டுப் பணத்தை அது குடித்துவிட்டிருந்தது. நகருக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கணவர் என்னை வானில் ஏற்றிப் போனார்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கணவருக்குக் கைகொடுத்தார். அனுமதிப் பத்திரத்தை நான் நீட்டினேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "உங்களுக்கு என்ன காட்டட்டும் சேர்?" என்று அவரிடமே கேட்டார். இரண்டு புதிய ரிவால்வர்கள் மேசைக்கு வந்தன. இரண்டும் நாற்பத்து நான்கு. ஒன்றின் உடல் பித்தளை, கோவில் குத்துவிளக்கைப் போலப் பளபளத்தது, விலையும் குறைவு. மற்றது கறுத்த உருக்கு, அலங்காரம் எதுவும் இல்லை. விலை என் கையிலிருந்ததை அப்படியே விழுங்கிவிடும்.

"இதைத்தான் எடுக்க வேணும். பாரும், என்ன வடிவு" என்று கணவர் பித்தளையைத் தூக்கினார்.

பித்தளை உடல் முழு மருந்தைத் தாங்குமா என்று கேட்டேன். மேடம் அவ்வளவு மருந்து போடமாட்டார் என்று கடைக்காரர் கணவருக்குப் பதில் சொன்னார். மேடம் போட்டால், என்று நான் திரும்பவும் கேட்டேன். முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். காலப்போக்கில் உடல் இழுபட்டு உருளை ஆடத் தொடங்கலாம் என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். உருக்கில் அந்தக் கவலை இல்லையாம். நான் உருக்கை எடுத்து, வெடிக்கத் தட்டும் சுத்தியலைப் பின்னால் இழுத்து, உருளையை விரல்களால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பாரம் கையில் ஒழுங்காக இறங்கியது. முடிந்தது என் பரீட்சை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதற்குள் கணவர் ஒரு தோல் இடுப்புப்பட்டியைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார், துப்பாக்கி செருகும் உறையோடு. கடைக்காரர் அதற்குத் தள்ளுபடி சொன்னார்.

"இதைக் கட்டிக்கொண்டு நான் எங்கை போறது? கத்தரிக்காய் வாங்கவோ?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு ஸ்டைலுக்கு" என்றார் கணவர்.

"அப்ப நீங்கள் கட்டுங்கோ. துவக்கு இல்லாமல்."

அவர் அதைத் திரும்பக் கொக்கியில் கொளுவினார். மரப்பெட்டி, கழுகு பொறித்த மருந்துக் குடுவை, எண்ணெய்ச் சிமிழ் எல்லாவற்றையும் வேண்டாம் என்றேன். உருக்கு ரிவால்வரை அட்டைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தேன். பித்தளைதான் நல்லது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவர், அடுத்த கிழமை டூட்டிங்கில், உருக்குத்தான் உறுதி என்று தாம் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னாராம். நண்பர் ஒருவரின் மனைவி எனக்கு வாட்ஸப்பில் பாராட்டு அனுப்பியிருந்தாள். அவருக்கு.

துப்பாக்கி வாங்கியபின் முதல் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குக் கணவரும் வந்தார். நான் இரண்டு முறை ஆறு ஆறாகச் சுட்டுவிட்டுத் தாளை எடுத்துவரப் போனேன். திரும்பியபோது வங்கிக்காரர் என் மேசையருகே நின்றார். ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு குண்டு சுட்டார். மூன்றாவதற்குக் கையை உயர்த்தியபோது துப்பாக்கி நடுங்கியது. மெல்லக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூட்டுவாதம், ஆறு மாதமாக வெல்வெட் பெட்டியைத் திறப்பதோடு சரி, என்றார்.

கூடுதல் என்று அவர் சொன்னது யாருடைய மணிக்கட்டுக்கு என்று அப்போது விளங்கியது. அவரை ஏளனம் செய்ய என்னிடம் நிறைய வார்த்தைகள் சேர்ந்திருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. மிச்சம் நான்கையும் நான் சுட்டு முடித்தேன். அவர் தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று சொன்னார். அதில் அவர் உண்மையிலேயே நிபுணர்.

கணவருக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை. விருந்தினராகக் கிளப் துப்பாக்கியால் ஆறு குண்டு சுட்டார். புகை கலைந்தபின் பார்த்தால் தாள் வாங்கியபோது இருந்தபடியே இருந்தது. துவக்குப் பிழை என்றார். அதே துவக்கால்தான் நான் ஒரு வருடம் சுட்டேன் என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை. என்னை முதலில் அங்கே கூட்டிப்போன தோழி நினைவூட்டினாள்.

என் புதுத் துப்பாக்கியில் ஒரு தொல்லை உண்டு. அன்றன்றைக்கே கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும். கழுவினால் அழுகிய முட்டை நாற்றம். முதல் நாள் குசினிச் சிங்கில் நான் கழுவத் தொடங்கியதும் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மனுசர் சமைக்கிற இடமெல்லே இது" என்றார்.

"ஓம். சமைக்கிற ஆள்தான் கழுவிறன்."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஈரம் நின்றால் பழுதாகிப்போகும் என்று எனக்கே தெரியாததுபோலச் சொல்லிவிட்டு மேலே போய், என் தலைமுடி உலர்த்தியை எடுத்துவந்து செருகினார். கழுவிய உருளையை ஒரு துவாயில் வைத்துக் கொடுத்தேன். ஆறு துளைகளுக்கும் ஒவ்வொன்றாகக் காற்றுப் பிடித்தார். வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஜெர்மனியில் இதைவிட நல்ல உலர்த்தி இருக்கிறது என்று இடையில் ஒரு தடவை மட்டும் சொன்னார்.