போர் தண்ணீரில் அப்பா வாசனை

தொண்ணூறுகளின் நடுவில், பீன்யா தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. கழுவுவதற்கு ஒரு திரவம் வைத்திருந்தார்கள். பார்க்க வெறும் தண்ணீர்தான். வாசனை மட்டும் இனிப்பாகத் தலையைக் கிறக்கும். குளித்துவிட்டு வந்தாலும் அப்பாவிடம் அது போகாது. எனக்கு அதுதான் அப்பா.

ஒரு ஞாயிறு, வீட்டில் யாரும் இல்லாததால் என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பின்பக்கம் உருட்டிக்கொண்டு போன பீப்பாய் கைநழுவிச் சாய்ந்து, பாதி கொட்டிவிட்டது. நான் குனிந்து பார்ப்பதற்குள் தரை காய்ந்திருந்தது.

“எங்கப்பா போச்சு?”

“மண்ணு குடிச்சிடுச்சு. மீதி வெயில்ல ஆவியாப் போயிடும். ஓனர்கிட்ட சொல்லிடாத.”

சிநேகிதி என்று ஒருத்திகூட இல்லாதவள் யாரிடம் சொல்லப்போகிறேன்? அது தண்ணீரைவிடக் கனம், மிதக்காது, மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் கரையும் என்பதெல்லாம் பிறகு படித்தது.

அடுத்த வருஷம் அப்பா ஓசூரில் வேறு கம்பெனிக்குப் போனார். ஞாயிறு மட்டும் வருவார், வெறும் சோப்பு வாசனையோடு, யாரோ போல. அம்மா கார்மென்ட்ஸிலிருந்து திரும்ப இருட்டிவிடும். பள்ளி விட்டு வந்து நானே பூட்டைத் திறப்பேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவேன்.

எங்கள் தெரு பட்டறைக்குக் கீழே, சரிவில் இருந்தது. ஒருநாள் தெருவின் போர்வெல் தண்ணீரில் அந்த வாசனை வந்தது.

“என்ன நாத்தமோ, தேவ்ரே! யாரும் குடிக்காதீங்க, லாரித் தண்ணி புடிச்சுக்கோங்க,” என்று வீட்டுக்கார ஆன்ட்டி கன்னடத்தில் கடவுளையும் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். தெருவே அந்தப் பக்கம் போவதை விட்டது. நான் மட்டும் தினமும் ஒரு டம்ளர் பிடித்துவந்து, மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் குடித்தும்விடுவேன். வீட்டில் ஆள் இருப்பது போலிருக்கும்.

அந்த வார ஞாயிறு, ஒரு பாட்டிலில் நிரப்பி எடுத்துப்போய், அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீட்டினேன்.

“மோந்து பாருப்பா. உன் வாசனைதான்! நம்ம போர்ல வருது. ஆவியாவே போகல.”

மோந்தார். பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“குடிச்சியா?”

பெருமையாகத் தலையாட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நம்பினேன். அவர் பாட்டிலோடு சாக்கடை ஓரம் போனார்; திரும்பினார். மரத்தடிக்குப் போனார், அங்கிருந்தும் திரும்பினார்.

“கீழ ஊத்திடுப்பா, மண்ணு குடிச்சிடும்,” என்றேன்.

அதைக் கேட்டதும் அப்பா நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஏன் அழுதார் என்று எனக்குப் புரியவில்லை. என்னை விட்டு ஓசூருக்குப் போன வருத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.