தொண்ணூற்றேழு டிகிரி

யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. கண்டெய்னர் வந்தால் சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். திறப்பதற்கு முன் ஒரு படம், பாதி திறந்து ஒரு படம், காலியான பிறகு ஒரு படம். நாளைக்கு எவனாவது சரக்கு குறைகிறது என்று வந்து நின்றால் படத்தை முகத்துக்கு நேராக நீட்டிவிடலாம்.

அப்படிப்பட்ட என்னையே என் வீட்டுக்காரர் சந்தேகப்பட்டார்.

அவர் வளைகுடாவில் இருக்கிறார். ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. போவதற்கு முன் ஆசை ஆசையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டுப் போனார். அங்கேயும் ஒன்று வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் நான் வீடு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுவோம். விளையாட்டு ஒரு சாக்கு. போனில் பேசினால் என் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரியைச் சுட்டபடியே பேசினால் அவருக்கு ஒன்றும் புரியாது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

அதில் மண் விழுந்தது. விளையாட்டைத் தொடங்கினால் சரியாக இருபது நிமிடம் ஓடும். பிறகு பெட்டிக்குள் காற்றாடி இரைய ஆரம்பிக்கும், பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். முதல் வாரம் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். இரண்டாம் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம், இந்த வருடமும் லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று அவர் சொல்லி முடிக்கவும் திரை கறுக்கவும் சரியாக இருந்தது. ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

“ஏளா, பேசப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. எதுக்கு அத அமத்துத?”

“நான் எங்க அமத்துனேன்? அதுவா அமந்து போவுது.”

“நான் லீவப் பத்திப் பேசுனா மட்டும் அமந்து போவுதோ?”

எனக்கு வந்ததே கோபம். மடியில் கனம் இருப்பவர்தானே வழியில் பயப்படுவார், இவருக்கு அங்கே என்ன கனமோ என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன். லீவு கிடைக்காதது நிஜந்தானா என்றுகூட நினைத்தேன். இது முற்றினால் அந்த ஒரு மணி நேரமும் இல்லாமல் போய்விடும் என்று பயமாகவும் இருந்தது. மிஷின்தான் குற்றவாளி என்று நிரூபித்தாக வேண்டும்.

சூட்டைக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பிராசசர் தொண்ணூற்றேழு டிகிரியில் கொதித்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார்.

“பிராசசர் மேல இருக்குற கூலர் போச்சு தங்கச்சி. மாத்திரலாம். கொண்டாந்து இங்கன விட்டுட்டுப் போங்க.”

விட்டுட்டுப் போங்க என்ற வார்த்தை விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. நல்ல பிராசசரை உருவிக்கொண்டு பழையதைச் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்?

“கூலர மட்டும் குடுங்க அண்ணாச்சி, நானே மாட்டிக்கிடுதேன்” என்றேன். அட்டைப்பெட்டியை அங்கேயே பிரித்து ஒவ்வொரு திருகாணியாக எண்ணினேன்.

“உள்ள பாம்பா இருக்கு?” என்று சிரித்தார்.

“இருந்தாலும் இருக்கும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றினேன். தாலிச் செயினை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். “ஏளா, வெறுங்கையோட என்ன வேல இது?” என்று மாமியார் முணுமுணுத்தார். “கரண்டு சாமான் அத்தை” என்றேன்.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே கறுப்பு. துறைமுகத்திலிருந்து பறந்து வரும் நிலக்கரித் தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து, கூலரின் தகடுகளுக்கிடையில் பிசினாக அப்பியிருந்தன. கூலரைப் பிடித்து நிறுத்தும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று ஒடிந்து, அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவிய பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சூடு இறங்க வழியே இல்லை.

அலுவலகத்துப் பழக்கம் விடுமா? இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்தேன். வலது கை ஒடிந்த காலைத் தூக்கிக் காட்டியது, பழைய பசையைத் துடைத்தது, பயறு அளவுக்குப் புதுப் பசை வைத்தது. புதுக் கூலரை உட்கார வைத்து, திருகாணிகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். காற்றாடியின் வயரைச் செருகிவிட்டு மிஷினைப் போட்டேன். ஒரு மணி நேரம் விளையாடியும் அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. சந்தோஷத்தில் மாமியாருக்கு நல்ல காப்பி போட்டுக் கொடுத்தேன்.

தொண்ணூற்றேழில் தொடங்கி அறுபத்திரண்டு வரை பதினான்கு படங்களையும் வரிசையாக என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இனி என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று மிஷினுக்கு முன்னாலேயே காத்திருந்தேன். சாயங்காலம் போனில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“படமெல்லாம் பாத்தேன். மிஷினுதான் கெட்டுப் போயிருக்கு. சரி.”

அதோடு விட்டிருக்கலாம்.

“எல்லாப் படத்துலயும் ஒரு கை தெரியுதே, அது யாரு?”

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“வளையல் இல்ல, மோதிரம் இல்ல, நகமெல்லாம் அழுக்கு. கடைக்காரன வீட்டுக்குள்ள விட்டியா?”

என் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தேன்.

“என் கை” என்றேன்.

“உன் கையா? எங்க, வீடியோவுல காட்டு.”

“காட்ட மாட்டேன். லீவு போட்டு வந்து பாத்துக்கிடுங்க.”

போனை அணைத்தேன். இத்தனை வாரத்தில் நானாக அணைத்தது அதுதான் முதல் தடவை.