தழும்பைத் தண்டாக்கியவள்

எனக்குப் பச்சை குத்திய அன்று என் வீட்டு உள்ளறையில் இருந்தவர்கள்: நான், பச்சை குத்தும் கன்னியம்மா, கைக்குழந்தையோடு வந்த அவள் மகள் செல்வி, பிள்ளைப்பேற்றுக்கு வந்து பிள்ளையும் பெற்றிருந்த என் நாத்தனார் வள்ளி. அந்தக் கன்னியம்மா போன செவ்வாய்க்கிழமை செங்கத்தில் இறந்துவிட்டாள். புதூர்நாட்டு ஜீப்காரர் வந்து சொன்னபோது நான் புளி உடைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை அறிந்த நமக்குள் என்ன மறைப்பு? மார்பில் புற்று வந்து, வேலூருக்குப் போய் இடது பக்கத்தை எடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு வருஷம் சேலையோடுதான் குளித்தேன். குனிந்து பார்க்கவில்லை. அறுவடை முடிந்து பச்சை குத்த எங்கள் மலைக்கு வந்த கன்னியம்மா என்னை ஈரச் சேலையோடு பார்த்தாள்.

"இன்னாம்மா, துணியோட குளிக்கிற? ஒடம்பு மேல கோவமா?"

காட்டினேன்.

"அறுத்தது டாக்டருங்க வேல. குளிக்கசொல்ல நீ குனிஞ்சி பாக்கற மாதிரி பண்றது என் வேல" என்றாள். கூலிச் சாமையை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தேன். முறத்தைத் தள்ளிவிட்டாள்.

மை அரைக்க விளக்குக் கரியும் தாய்ப்பாலும் வேண்டும். குத்திக்கொள்பவள் வீட்டுப் பாலாக இருக்கவேண்டும் என்பது அவள் முறை. வள்ளியிடம் கொட்டாங்குச்சியை நீட்டினாள்.

"அறுத்த எடத்துல என் பால் பட்டா எனக்கு வத்திப்பூடும். நான் மாட்டேன் அண்ணி."

கன்னியம்மா மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உனக்கும் வத்திடுமா?"

"இவன் குடிக்கிற குடிக்கு, வத்தறதுக்கு எங்க மிச்சம் இருக்குது?" என்று சொல்லி, செல்வி கொட்டாங்குச்சியை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

தழும்பின் மேல் ஊசி படவில்லை. அதையே தண்டாக வைத்து, இரண்டு பக்கமும் சாமைக் கதிர் குத்தினாள். நான் கத்தும்போதெல்லாம், "கத்து, உசுரு இருக்குதுன்னு தெரியட்டும்" என்றாள்.

அதன்பிறகு கண்ணமங்கலத்திலிருந்துகூட என்னைப்போல் மார்பை எடுத்த பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். யாரிடமும் ஒரு படி தானியம் வாங்கியதில்லை. பாலை மட்டும் செல்வியிடமே வாங்கிக்கொள்வாள். அந்தந்த வீட்டில் கேட்கும் முறையை என்னோடு விட்டுவிட்டாள்.

இப்போது தினமும் குனிந்து பார்த்துத்தான் குளிக்கிறேன். கதிர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, உதிரவில்லை. எனக்கென்று அவள் வைத்துவிட்டுப் போனது அது.

"பயந்துட்டா, வுட்ரும்மா" என்று வள்ளிக்காகவும் ஒருமுறை பேசினாள். அவள் சொன்னதில் நான் கேட்காதது இது ஒன்றுதான். வள்ளி விஷக்காய்ச்சலில் கிடந்தபோது அவள் மூத்த மகனுக்கு நாற்பது நாள் பால் கொடுத்தவள் நான். இடது பக்கம் போட்டால்தான் அழுகையை நிறுத்துவான்.

வள்ளியை நான் மன்னிக்கமாட்டேன்.