காற்றை நம்பிக் கொட்டிய தண்ணீர்

எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் வரும் நாள், பண்டிகைக்கு ஒரு படி மேல். பண்டிகை என்றைக்கு என்று காலண்டரைக் கிழித்தால் தெரிந்துவிடும். தண்ணீர் அப்படியில்லை. பத்து நாளில் வரும், பன்னிரண்டு நாளில் வரும், சில சமயம் நாம் தூங்கும்போது வந்துவிட்டுப் போயிருக்கும். திண்டுக்கல்லில் நாகல் நகரை ஒட்டிய அந்தச் சந்துக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட கையோடு தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றும் கேட்டுவிடுவார்கள்.

தண்ணீர் சேர்ப்பதில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. இரண்டு நீல டிரம், பதினோரு பிளாஸ்டிக் குடம், இரண்டு எவர்சில்வர் குடம், அதுவும் போதாமல் இட்லிக் குண்டான், குக்கர், தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது குளித்த டப். தண்ணீர் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சமைக்கப் பாத்திரம் மிஞ்சாது. டிரம்மின் வாயைப் பழைய வேட்டியால் கட்டி, மூடி போட்டு, மூடியின் மேல் குழவிக்கல்லையும் தூக்கி வைப்பாள். குளிக்க ஆளுக்கு ஆறு கப். ஏழாவது கப்புக்குக் கை நீண்டால் முதுகில் ஒன்று விழும். அப்பாவுக்கும் ஆறுதான். முதுகில் விழாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா பிறந்தது ஆயக்குடிப் பக்கம். கொய்யாத் தோப்பு, கிணறு, பம்புசெட் என்று வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த முதல் மாதமே பதினெட்டு நாள் தண்ணீர் வரவில்லையாம். அதன் பிறகு எத்தனையோ தடவை டிரம் நிரம்பி வழிந்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் அந்தப் பதினெட்டு நாள் முடியவே இல்லை.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். ஒரு தடவை அவர் மகளுக்கு வயிற்றுப்போக்கு. துணி அலச ஒரு குடம் கேட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா டிரம்மின் மேல் சாய்ந்துகொண்டே, "எங்களுக்கே பத்தலக்கா" என்றாள். அவள் சாய்ந்திருந்த டிரம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. அக்கா வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார். அம்மாவின் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். ஆயக்குடியிலிருந்து மாமாவும் சொந்தக்காரர்களுமாக நாற்பது பேர் வருவதாக ஏற்பாடு. அம்மா பத்து நாளாகவே எங்கள் ஆறு கப்பை நாலாகக் குறைத்து, வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் நிறைத்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பிக்குப் பட்டு வேட்டி எடுக்க அவனையும் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். அப்பா காய்கறி மார்க்கெட்டில் வேன் ஓட்டப் போயிருந்தார். பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் நான் தனி. அப்போதுதான் வாசலில் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. புஸ்ஸ்ஸ்.

எங்கள் குழாய் ஒரு குழிக்குள் இருந்தது. தரைக்கு மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்று எல்லா வீட்டிலும் வாசலைத் தோண்டிக் கீழே இறக்கியிருந்தார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும். எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. தண்ணி வருது, தண்ணி வருது என்று சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்திக்கொண்டே ஓடிவிட்டு வந்தேன்.

புதுத் தண்ணீர் வந்தால் பழைய தண்ணீரைக் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். தண்ணீருக்கு அல்லாடுகிற ஊரில் இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். பழையதில் புழு வைக்கும் என்று பயம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. புதுசு ஒரு குடம் நிறைந்தால்தான் பழசு ஒரு குடம் கொட்ட வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அம்மா திரும்பி வரும்போது எல்லாப் பாத்திரமும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் தளும்ப நிற்க வேண்டும், அம்மா வாயடைத்துப் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த பிறகு கணக்கை யார் பார்த்தார்கள்?

கொட்டினேன். முதலில் குடங்கள், பிறகு குண்டான், குக்கர், டப். டிரம்மைச் சாய்க்கத்தான் பலம் போதவில்லை. சுவரில் முதுகை முட்டுக் கொடுத்து இரண்டு காலாலும் உதைத்தேன். அது விழுந்து உருண்டபோது தண்ணீர் வாசலைத் தாண்டிச் சந்துக்குள் பாய்ந்தது. படுத்திருந்த நாய் அலறி எழுந்து ஓடியது. நான் அந்தத் தண்ணீருக்குள் நின்று குதித்தேன். இரண்டாவது டிரம்மைக் கொட்டுவதற்கு முன்னால் அதிலிருந்து இருபது கப் எண்ணித் தலையில் ஊற்றிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் குளித்ததே இல்லை. இன்றைக்கு என் வீட்டுக் குளியலறையில் ஷவர் இருக்கிறது. அந்த இருபது கப்புக்கு அது ஈடாகாது.

எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, குழிக்குள் இறங்கிக் குழாயடியில் முதல் குடத்தை வைத்தேன். காற்று வந்தது. சந்துப் பெண்கள் எல்லோரும் அவரவர் குழிக்குள் குடத்தோடு காத்திருந்தார்கள். அவர்கள் யாரும் பழையதைக் கொட்டியிருக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கால் மணி நேரம் காற்று வந்தது. பிறகு குழாய் ஒரு தரம் இருமி, ஒரு வாய் செம்மண் நீரைத் துப்பிவிட்டு அடங்கிப் போனது. எங்கோ மெயின் குழாய் உடைந்துவிட்டது, சரி செய்ய ஒரு வாரமாவது ஆகும் என்று சாயங்காலம் செய்தி வந்தது.

அம்மா வந்து ஒரு டிரம்முக்குள் பார்த்தாள். இன்னொரு டிரம்முக்குள் பார்த்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அடி விழவே இல்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்பா வந்து லாரித் தண்ணீருக்குப் போன் மேல் போன் போட்டுப் பார்த்தார். குழாய் உடைந்ததால் ஊரே லாரிக்குச் சொல்லி வைத்திருந்தது, செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். சரி, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்றார் அப்பா.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிக் கேப்பேன்?" என்றாள் அம்மா. "ஒருத்திக்காவது ஒரு செம்பு குடுத்துருக்கேனா?"

விசேஷத்தைத் தள்ளி வைத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் மாமா ஏற்கெனவே கடா வாங்கிக் கட்டியிருந்தார். துணிமணி எடுத்து, கம்மல் செய்து, ஊரைக் கூட்ட வேன் பேசியாகிவிட்டது. நாற்பது பேரிடம் தண்ணீர் இல்லை வராதீர்கள் என்று சொன்னால் பிறந்த வீட்டில் அம்மா காலத்துக்கும் தலைநிமிர முடியாது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் நம்பரை அழுத்தாமலே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. எல்லாம் என்னால்.

அம்மாவின் மூஞ்சியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் மூஞ்சிதான் பிரச்சினை என்றால் என்னுடையது நன்றாகவே இருந்தது, இருபது கப் ஊற்றிக் குளித்த மூஞ்சி. சின்னக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, எங்க வீட்டுல தண்ணி இல்ல. நான்தான் அம்புட்டையும் கொட்டிட்டேன். அம்மா மூஞ்சி சரியில்லையாம், அதான் வரல."

அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். டிரம்மையுமா என்று கேட்டார். ரெண்டு டிரம்மையும் என்றேன். மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, என் குடத்தை வாங்கி நிறைத்தார். தன் பெரிய குடம் ஒன்றையும் நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ போயி எல்லா வீட்டுலயும் இதே மாதிரி சொல்லு ஆத்தா" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் சிரித்தார்கள். சிரிப்பவர்களைப் பார்த்து எனக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் நாய் ஓடியதைக்கூட நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்றிருந்தார். அம்மா வழியை மறித்த மாதிரி நின்றாள். "பிள்ளைக்குக் காது குத்தணும்ல, செத்த தள்ளு" என்று சொல்லிவிட்டு அக்கா நேராக உள்ளே போய் டிரம்மில் கவிழ்த்தார். அவர் பின்னால் இன்னொருவர், அவர் பின்னால் இன்னொருவர். குழாயடிச் சண்டையில் குடம் மாறாமல் இருக்க எங்கள் சந்தில் குடத்துக்குக் குடம் நகப்பூச்சால் எழுத்துப் போட்டிருப்பார்கள். எந்த எழுத்து யார் வீடு என்று நான் நோட்டுப் போட்டுக் குறித்தேன். விளக்கு வைப்பதற்குள் டிரம் இரண்டும் நிறைந்து, எங்கள் குடங்கள் எல்லாம் நிறைந்து, கொட்ட இடமில்லாமல் பதினாறு குடங்கள் அப்படியே வாசலில் நின்றன. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். அம்மா பத்து நாள் பாடுபட்டுச் சேர்த்ததைவிட அதிகம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் கொட்டியதே நல்லதாகப் போயிற்று என்று அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜேஜே என்று நடந்தது. தம்பி மாமா மடியில் உட்கார்ந்து சந்தே அதிரும்படி அழுதான். மாமா இரண்டு மூட்டை கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். பந்தி முடிந்து கை கழுவியவர்களிடம் அம்மா, "இன்னொரு செம்பு நல்லா ஊத்திக் கழுவுங்க" என்று சொன்னாள். அப்பா பரிமாறுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தில் உள்ள அத்தனை பேரையும் அம்மாவே போய்க் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எதிர்வீட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அப்போதுதான் சாப்பிட்டாள்.

எல்லோரும் போன பிறகும் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் மிச்சம் இருந்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா ஒவ்வொரு குடத்திலும் கொய்யாப்பழத்தைக் கைநிறைய அள்ளிப் போட்டாள், எண்ணவில்லை. நோட்டைப் பார்த்து நான் ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்தில் நிறுத்தாமல் அடுக்களை வரைக்கும் கூட்டிப் போனார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் அந்தச் சந்தின் ராணி ஆகிவிட்டேன்.

கடைசியாக எதிர்வீட்டுக் குடத்தைக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"அந்த அக்கா வீட்டுல எம்புட்டு சுத்தம் தெரியுமாம்மா. எல்லாக் குடத்தையும் கழுவிக் காயவச்சு வரிசையாக் கவுத்தி வச்சிருக்காங்க. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு. நம்ம வீட்டுலதான் ஒரே அடைசல்."

அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள். பிறகு எழுந்து டிரம்மைத் திறந்து, இரண்டு எவர்சில்வர் குடத்தையும் தளும்பத் தளும்ப நிறைத்து, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தாள், மறுபடியும் நிறைத்தாள், பக்கத்து வீட்டுக்குப் போனாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. குழாயில் தண்ணீர் வர இன்னும் நாலைந்து நாளாகும். இத்தனை குடத்தைத் தூக்கிக் கொடுத்தவர்கள் வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கும், அவர்களுக்கே போய் அம்மா எதற்காகக் கொடுக்கிறாள் என்று அப்பாவிடம் புகார் சொன்னேன்.