நிதியுதவி என்று எழுதிய கை

1. ஐப்பசியில் ஒரு டெஸ்ட்

பேரூராட்சி ஓவர்சியராக முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ எஸ்டிமேட், எத்தனையோ பில். எல்லாம் மறந்துவிட்டது. என் கையால் எழுதிய ஒரே ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை.

திண்டுக்கல் பக்கத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த ஊருக்கு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்த கடனில் குடிநீர்த் திட்டம் வந்தது. போர்வெல்லில் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கும் யீல்டு டெஸ்டைக் கோடையில் எடுப்பதுதான் முறை. கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய சென்னை கன்சல்டன்ட் ஐப்பசி அடைமழையில் வந்து நின்றார்.

“சார், சித்திரையில இந்த போர் வத்திரும். அப்ப வந்து பாருங்க” என்றேன்.

“வருஷக் கடைசிக்குள்ள இந்த லோனைக் குடுத்து முடிக்கலைன்னா என்னைத்தான் கேப்பாங்க. தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம், டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். மோட்டாரையும் அவர்கள் நாட்டில்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கோயம்புத்தூரை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கடல் தாண்டி மோட்டார் வாங்கிய ஆட்கள் நாங்கள்.

2. போர்டு

திறப்பு விழாவுக்கு டேங்க் அடியில் போர்டு வைக்க வேண்டும். வாசகம் எழுதும் வேலை என் தலையில். ‘வெளிநாட்டுக் கடனில் அமைந்தது’ என்று எழுதிக் கொண்டுபோனேன். செயல் அலுவலர் முகம் சுளித்தார்.

“நல்ல நாள்ல கடன்னா எழுதுவாக? நிதியுதவின்னு போடுய்யா.”

பெயின்டர் தன் கணக்கைச் சொன்னார். “கடன்னா மூணெழுத்து. நிதியுதவின்னா அஞ்சு. ரேட்டு கூடும் சார்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கடன், நிதியுதவி ஆயிற்று.

3. காற்று வரும் குழாய்

திறப்பு விழாவுக்குப் பிறகு வந்த முதல் சித்திரையிலேயே போர் வற்றியது. அந்த மோட்டாரும் எரிந்துபோனது. உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆனால் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. சர்க்கார் அதைப் பேரூராட்சி தலையில் கட்டியது. பேரூராட்சி அதைக் குடிநீர்க் கட்டணத்தில் ஏற்றியது. பாக்கி வைத்தவர்களின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

முதல் வீடு ஆரோக்கியமேரி வீடு. கனகாம்பரம் பறித்துத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். பூ விற்ற காசில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைத் திறந்துவிட்டார். உஸ்ஸென்று காற்று வந்தது.

“இதுக்கா சார் பாக்கி? நிதியுதவின்னுதான எழுதிப் போட்டிருக்கீக? உதவின்னு குடுத்துட்டு வட்டி கேக்குறது எந்த ஊரு நியாயம்?”

“கடன்தாம்மா அது.”

“யாரு வாங்குனது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? வத்துற போருன்னு தெரிஞ்சே குடுத்தவன யாராச்சும் கேட்டீகளா?”

குழாயைக் கழற்றாமல் திரும்பிவிட்டேன்.

மாட்டுக் கடன் கேட்டால் பேங்க்காரர் தொழுவத்துக்கே வந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். கோடிக் கணக்கில் கொடுக்கிறவனுக்கு மட்டும் அந்தப் பொறுப்பு கிடையாதா? ஆகாத திட்டம் என்று தெரிந்தே கொடுக்கிறான், மோட்டாரை விற்று அப்போதே காசு பார்க்கிறான், பிறகு வட்டியும் வாங்குகிறான். நஷ்டத்தில் அவனுக்கு ஒரு பைசா பங்கில்லை. ஏழை நாடுகள் பலவற்றின் தலையிலும் இப்படித்தான் கடன் ஏறியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவன் ஒருவன், கட்டுகிறவள் ஆரோக்கியமேரி. இது கடனே இல்லை, அக்கிரமம்.

மறுநாள் பெயின்டரைக் கூட்டிக்கொண்டு டேங்குக்குப் போனேன். ‘நிதியுதவி’யை அழித்து ‘கடன்’ என்று எழுதவைத்தேன். முன்னால் இருந்த ‘வெளிநாட்டு’ என்பதோடு ஒரு ‘க்’ சேர வேண்டும் என்று நினைவுபடுத்தி அதையும் போடவைத்தேன். கூலி என் பையிலிருந்து.

அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக மெமோ வந்தது. ஒரே வரியில் பதில் கொடுத்தேன்: ‘எழுத்துப்பிழை என்னுடையது, திருத்திவிட்டேன்.’ ஒரு இன்கிரிமென்ட் போயிற்று.

அடுத்த வாரம் வேறொருவர் போய் ஆரோக்கியமேரி வீட்டுக் குழாயைக் கழற்றினார். விஷயம் தெரிந்து ஓடினேன். சுவரில் ஓட்டைதான் இருந்தது.

“காத்தையும் புடுங்கிட்டுப் போயிட்டாக சார்” என்றார்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் சித்திரை வரை காத்திருங்கள். நான் ஐப்பசியிலேயே போட்டுவிட்டேன்.